ஏற்றத்தில் எரிந்த சிவப்பு லைட்

கண்ணு,

கல்யாணப் பத்திரிகை நேற்று அச்சாகி வந்துவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். இரண்டாவதை எடுத்துக்கொண்டு உன் நைனா கார் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்புறம்தானாம், கூட வண்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் முதலில் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு இன்று லீவு. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஏழு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எழுதிவிட இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது.

புதிதாகக் குடித்தனம் போகிற பிள்ளைக்கு அம்மா என்ன எழுதுவாள் என்று உனக்கே தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, சிகரெட்டைத் தொடாதே, அவள் மனசு கோணாமல் நடந்துகொள். அதையெல்லாம் சரோஜாவே உனக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவாள். அனந்தபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, உன் சம்பளத்தைவிட நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய் என்றுதான் அவள் அதிகம் விசாரித்தாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போய்விட்டது. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். நம் காரில் எரிந்த அந்தச் சிவப்பு லைட்டைப் பற்றி. அந்தக் கதைதான் தெரியுமே என்று நீ நினைப்பாய். உனக்குத் தெரிந்தது பாதி. நல்ல பாதியை உன் நைனா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவள் நான்.

நீ விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. நம் தெருவுக்குக் கரண்டு வந்ததும் அந்த வருஷம்தான். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் உன் நைனா அடுத்தவர் லாரியையும் அடுத்தவர் காரையும் ஓட்டியவர். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் தன் பழைய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, என் வளையலும் அவர் சேமிப்புமாகப் போய் வாங்கி வந்தார். உன் தாத்தா வல்லத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கியவர். அவர் பிள்ளை செஞ்சியில் சொந்த வாடகைக் கார் வைத்திருக்கிறான் என்பதைச் சிலர் சந்தோஷமாகப் பார்த்தார்கள். சிலர் அது எப்போது நிற்கும் என்று பார்த்தார்கள். அதனாலேயே அந்த வண்டியில் ஒரு சின்னக் குறை என்றாலும் எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிதாகத் தெரிந்தது.

வந்த நாலாவது மாசம் அந்த லைட் ஆரம்பித்தது. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் குன்றிமணி அளவுக்கு ஒரு சிவப்பு லைட் இருக்கும். சாவி போட்டதும் எரியும், என்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிடும். என்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற டைனமோ பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். நம் வண்டியிலும் ஒழுங்காக அணைந்தது. ஆனால் போய்க்கொண்டிருக்கும்போது நடுவழியில் திடீரென்று எரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் தானாக அணைந்தது. மறுபடி எரிந்தது. திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக்கிடம் மூன்று தடவை கொண்டுபோய் விட்டார். முதல் தடவை டைனமோவைக் கழற்றி உள்ளே தேய்ந்திருந்த கார்பனை மாற்றினார்கள். அடுத்த தடவை சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டியை மாற்றினார்கள். மூன்றாவது தடவை பேட்டரியையே மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் நிறுத்தி என்ஜினை உறுமவிட்டுப் பார்த்தால் சார்ஜ் நன்றாக ஏறும், லைட் அணைந்தே இருக்கும். செஞ்சிக்குத் திரும்பி இரண்டு சவாரி போனால் மறுபடி கண்ணைச் சிமிட்டும். அந்த மெக்கானிக் கெட்டிக்காரர், ஏமாற்றுகிறவர் இல்லை. அவர் முன்னால் அது எரியாதபோது அவரும்தான் என்ன செய்வார்?

சவாரி குறைய ஆரம்பித்தது. முன் சீட்டில் உட்காருகிறவர்கள் அந்த லைட்டைப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்பார்கள். திருவண்ணாமலைக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போன ஒரு குடும்பம், கோட்டை மலைகளுக்கு நடுவே ரோடு ஏறுகிற இடத்தில் லைட் எரிவதைப் பார்த்து, நல்ல காரியத்துக்குப் போகும்போது சிவப்பு எரியலாமா என்று இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். அன்றைக்கு அவர் காலி வண்டியோடு திரும்பி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் போய் நின்று நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்.

“வண்டி ஓடுது இல்ல? அந்த பல்ப கழட்டிப் போட்ருங்க. எரிஞ்சாதானே கேப்பாங்க.”

அது தப்பு, அது நமக்குச் சொல்வதற்காகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார். நான் விடவில்லை. மூன்று தடவை பார்த்தாகிவிட்டது, மெக்கானிக்கே ஒன்றும் இல்லை என்கிறார், பிறகு எதற்கு அது வருகிறவர்கள் கண்ணில் குத்திக்கொண்டு என்று கேட்டேன். இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அவர் கையை உள்ளே விட்டு பல்பைப் பிடுங்கித் துணியில் சுற்றி டூல் பெட்டியில் போட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம் கண்ணு, நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தச் சமயம் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொண்டூருக்குப் போய் ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விமலாவை உனக்குத் தெரியும். ஜெயின் குடும்பம், கடலை வியாபாரம். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிரைவேட்டாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறேன் என்று அவளே அப்பாவிடம் கேட்டு, இரண்டு வருஷம் என்னிடம் படித்தாள். கணக்கில் நான் தடுமாறுகிற இடத்தில் அவள் எனக்குச் சொல்லித்தருவாள். பரீட்சை திண்டிவனத்தில். முதல் நாள் அவளையும் அவள் அப்பாவையும் நம் காரில் அழைத்துப்போவதாக ஏற்பாடு. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அனந்தபுரத்துக்கு ஒரு கல்யாணப் பார்ட்டி. வண்டி நிறைய ஆட்கள், போகவர ஹெட்லைட் போட்டு ஓடியிருக்கிறது. பேட்டரிக்கு சார்ஜ் ஏறவே இல்லை என்று யாருக்குத் தெரியும்? சொல்ல வேண்டிய லைட்தான் துணியில் சுற்றிக் கிடந்ததே. காலையில் வண்டி சுணங்கியது. ஹாண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்தார். வல்லம் தாண்டியதும் என்ஜின் இருமியது, இழுத்தது, நின்றது. அப்புறம் ஹாண்டிலைச் சுற்றினாலும் கிளம்பவில்லை. மணி ஒன்பது. பரீட்சை பத்துக்கு. வந்த ஒரு பஸ்ஸும் நிறைந்து வழிந்தபடி நிற்காமல் போயிற்று. கடைசியில் கடலை மூட்டை ஏற்றிய ஒரு லாரி நின்றது. லாரி டிரைவர் உதவி செய்ய வந்தவர், பேட்டரி செத்துக் கிடக்கிறதே, லைட் காட்டவில்லையா என்று கேட்டுக்கொண்டே டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார்.

“பல்பே இல்லியே. யாரு கழட்டுனது?”

ரோட்டோரத்தில் நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். விமலா ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா உன் நைனாவைப் பார்த்தார். உன் நைனா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான்” என்றார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது. நான் சொல்லவில்லை. லாரியில் ஏறித் திண்டிவனம் போய்ச் சேரும்போது மணி பத்தே முக்கால். அரைமணிக்கு மேல் தாமதமானால் உள்ளே விடமாட்டோம், சட்டம் அப்படி என்றார்கள். விமலாவின் அப்பா கெஞ்சினார், நான் கெஞ்சினேன். விமலா மட்டும் யாரையும் கெஞ்சவில்லை, அழவும் இல்லை. கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்து, ஒரு மணிக்கு எழுதிவிட்டு வெளியே வந்த ஒரு பெண்ணிடம் கேள்வித்தாளைக் கேட்டு வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். “எல்லாம் தெரிஞ்சதுதான் டீச்சர்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். இத்தனை வருஷ வேலையில் எந்தப் பிள்ளையும் என்னை அப்படி அடித்ததில்லை.

மறுநாள் அவள் அப்பா செஞ்சி ஸ்டாண்டுக்கு வந்து, எல்லா டிரைவர்களுக்கும் நடுவில் உன் நைனாவை நிற்க வைத்துக் கேட்டார். காசுக்காக ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தாயே என்றாராம். உன் நைனா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டாராம். அன்றைக்கு ஸ்டாண்டில் அவருக்கு ‘பல்பு’ என்று பேர் வந்தது. ராத்திரி சாப்பாடு போடும்போது, ஏன் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “வண்டி ஓட்றவன் நானு. கழட்டுனது என் கை. நீ இன்னா பண்ணே, சோத்தப் போடு” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

அந்த வாரக் கடைசியில்தான் நீ லீவுக்கு வந்தாய். வழியிலேயே உனக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்து பையைக்கூட வைக்கவில்லை, அவரைப் பார்த்து, படிக்கிற பெண்ணின் வாழ்க்கையில் விளையாடிவிட்டாயே நைனா, ஹாஸ்டலில் எப்படித் தலைகாட்டுவேன் என்று கேட்டாய். உனக்குப் பதினேழு வயசு. நீ கேட்டது தப்பில்லை, யாரிடம் கேட்டாய் என்பதுதான் தப்பு. அடுப்பங்கரை வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் நீ அவரிடம் மூன்று மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போதும் உன் கடிதங்கள் எனக்குத்தான் வருகின்றன, அவருக்கு ஒரு வரி விசாரிப்பு. அந்த ஒரு வரியை அவர் இரண்டு தடவை வாங்கிப் படிப்பார். இதைத்தான் உனக்கு எழுத வேண்டியிருந்தது. பல்பைக் கழற்றச் சொன்னது நான். நீ என்னிடம் கேட்டிருக்க வேண்டியதை அவர் வாங்கிக்கொண்டார்.

நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாயைத் திறக்கத் தைரியம் இல்லாதவளுக்கு வேறு ஏதாவது செய்தாக வேண்டும் போல் இருந்தது. எங்கள் மூன்றாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண் தினமும் தலைவலி என்பாள். வீட்டில் மந்திரித்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். என்ன வலி என்று எல்லாரும் கேட்டார்கள். எப்போது வலிக்கிறது என்று நான் ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். மத்தியானம் ஜன்னல் வெயில் கரும்பலகையில் விழுந்து கண் கூசுகிற நேரத்தில் மட்டும். இடத்தை மாற்றி உட்காரவைத்தேன், தலைவலி போய்விட்டது. இந்த லைட்டுக்கும் அதையே செய்தால் என்ன என்று தோன்றியது. பல்பை எடுத்து மறுபடி மாட்டுங்கள், சனி ஞாயிறு நான் முன் சீட்டில் வருகிறேன் என்றேன். மெக்கானிக்குக்கே பிடிபடாதது உனக்குப் பிடிபடுமா என்று அவர் கேட்கவில்லை. மாட்டினார்.

கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். எந்த ரோடு, எந்த இடம், என்ன நேரம், வெயிலா மழையா, ஹெட்லைட் போட்டிருந்ததா, வண்டியில் எத்தனை பேர். எத்தனை பேர் என்று எழுதியது வகுப்பில் தலை எண்ணிப் பழகிய பழக்கம், வேறொன்றும் இல்லை. ஐந்து வாரம் எழுதினேன். நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மழை வெயிலுக்கும் இல்லை. திருவண்ணாமலை ரோட்டில் கோட்டையைத் தாண்டி ஏறும்போது எரிந்தது, அதே இடத்தில் இறங்கி வரும்போது எரியவில்லை. திண்டிவனத்துக்கு நானும் அவரும் மட்டும் போனால் ஒரு தடவைகூட எரியவில்லை. ஆறு பேர் ஏறினால் புறப்படும்போதும் மேட்டிலும் எரிந்தது. தாள்களைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது. அவரைக் கூப்பிட்டேன். “பாரம் இழுக்கறப்பதாங்க எரியுது. சும்மா நின்னா எரியல. அதான் ஷெட்ல ஒண்ணும் தெரியல” என்றேன். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தார். இதை நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டும், வண்டி நிறைய ஆள் வேண்டும் என்றார்.

ஆளுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் தெருவில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். ஒன்பது பெண்கள் வந்தார்கள். அதில் ஏழு பேர் அதுவரை காரில் கால் வைத்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கிற குப்பம்மாதான் முதலில் ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்தாள். மற்றவர்கள் மடிமேல் மடியாக உட்கார்ந்தார்கள். கோட்டைச் சுவரைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது. நான் கத்தாமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். மேலே போய் அத்தனை பேரையும் இறக்கி ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு, காலி வண்டியாகக் கீழே வந்து அதே ஏற்றத்தில் ஏறினோம். எரியவில்லை. திரும்ப அவர்களை ஏற்றிக்கொண்டு கீழே போய் ஏறினோம், எரிந்தது. இப்படி மூன்று தடவை. “வண்டி எங்கள ஏத்திக்கினு போவுதா, இல்ல நாங்க வண்டிக்கு வெளையாட்டுக் காட்றமா?” என்று குப்பம்மா கேட்டாள். மூன்றாவது தடவை மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு உன் நைனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், பாரம் இழுக்கும்போது என்ஜின் ஒரு பக்கமாகச் சாயும், அதைத் தாங்குகிற ரப்பர் கிழிந்திருந்தால் இன்னும் அதிகமாகச் சாயும், சாயும்போது எதையோ இழுக்கிறது என்று.

பானெட்டைத் திறந்து என்னை முன்னால் நிற்கச் சொன்னார். நேர் எதிரில் நிற்காதே, பக்கத்தில் நில், கையை ஃபேனுக்குக் கிட்டே கொண்டுபோகாதே என்று இரண்டு தடவை சொன்னார். சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தார். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை இறுக்கி மிதித்து, முதல் கியர் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வண்டி நகரவில்லை. என்ஜின் மட்டும் நடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அதுவரை அந்த என்ஜினை இத்தனை கிட்டத்தில் பார்த்ததே இல்லை. எதைப் பார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை. அப்போதுதான் டைனமோவிலிருந்து பின்பக்கத்து சார்ஜ் பெட்டிக்குப் போகிற இரண்டு வயர்களில் மெல்லிய வயர் ஒன்று, துணி காயப்போடுகிற கயிறு மாதிரி விறைத்து நிற்பதைப் பார்த்தேன்.

“எரியுது” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

அந்த வயரை இரண்டு விரலால் பிடித்து லேசாக உள்பக்கம் தள்ளினேன்.

“இப்ப?”

“அணைஞ்சிடுச்சி.”

விட்டேன். “எரியுது” என்றார். தள்ளினேன். “அணைஞ்சிடுச்சி” என்றார். நாலாவது தடவை அவர் குரல் மாறிவிட்டது. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஓடிவந்தார். வயரின் மேலுறையில் ஒரு கீறல் இல்லை, பார்த்தால் புது வயர் மாதிரி இருந்தது. பிளேடால் உறையைக் கீறிப் பிரித்தார். உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து பச்சை பூத்துக் கிடந்தன. ஒன்றிரண்டு இழைகள் மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தன. சும்மா நிற்கும்போது தொட்டுக்கொண்டு, இழுக்கும்போது விட்டுவிடுகிற அந்த ஒரு விரற்கடை இடத்துக்காகத்தான் டைனமோவைப் பிரித்தோம், பெட்டியை மாற்றினோம், பேட்டரி வாங்கினோம், ஒரு பெண்ணை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்தோம்.

டூல் பெட்டியில் இருந்த வயரில் தாராளமாக ஒரு துண்டு வெட்டி, இழுபடாமல் தொங்கவிட்டு முடுக்கினார். ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு கீழே போய், அந்த ஏற்றத்தில் ஏறினோம். பத்துப் பெண்களும் அந்தக் குன்றிமணிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கறுப்பாகவே இருந்தது. மேடு முடிந்து சமதரை வந்தது, அப்போதும் கறுப்பு. குப்பம்மா பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். இத்தனை தூரம் வந்தாகிவிட்டது, இப்படியே மேல்மலையனூருக்குப் போய் அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம் என்றார்கள். உன் நைனா மறுபேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்பினார். போகும்போதும் எரியவில்லை, வரும்போதும் எரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை கண்ணு. டிரெய்னிங் பாஸான நாள்கூட அப்படி இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினார். ஒன்பது பெண்களும் உள்ளே இருக்க, அறுந்த வயரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “நான் கண்டுபுடிக்கல. எங்க ஊட்ல கண்டுபுடிச்சாங்க” என்று அத்தனை டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மறுநாள் அதே வயரைத் திண்டிவனம் மெக்கானிக்கிடமும் கொண்டுபோய்க் காட்டினார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாராம். புது ரப்பர் போட்டுக் கொடுத்துக் கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அங்கே பிரேக்கை மிதித்து என்ஜினைச் சாய்த்துப் பார்ப்பதற்கு ‘டீச்சரம்மா டெஸ்ட்’ என்று பேர். இந்தப் பாதி உனக்குத் தெரியும். பேரை அவர் எனக்கு வாங்கிக் கொடுத்தார். பழியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அடுத்த பரீட்சை ஆறு மாசத்தில் வர இருந்தது. அதற்குள் விமலாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் தொண்டூருக்குப் போனேன். அவள் அப்பா என்னை மரியாதையாக உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். உங்கள் முகத்துக்காக இன்னொரு தடவை எழுதவிடலாம், ஆனால் அந்த ஆள் வண்டியில் மட்டும் என் பெண் ஏறமாட்டாள் என்றார். மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். இந்தத் தடவையும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் வாத்தியார் வேலை பார்ப்பதில் அர்த்தமே இல்லை என்று தோன்றியது.

“கழட்டச் சொன்னது நானுங்க. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. அன்னிக்கு ரோட்ல நான் வாயத் தொறக்கல.”

என் மேல் கோபமா, தான் திட்டிய ஆளை நினைத்து வெட்கமா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து விமலா வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள்.

“பல்பு இப்ப மாட்டி இருக்குதா டீச்சர்?”

“இருக்குது” என்றேன்.

“அப்ப அந்த வண்டிலயே போலாம்பா” என்றாள்.

போனோம். எல்லாப் பேப்பருக்கும் அவளை நம் கார்தான் அழைத்துப்போயிற்று. முதல் நாள் அவள் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, தொண்டூரிலிருந்து திண்டிவனம் வரைக்கும் ரோட்டைப் பார்க்காமல் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் உன் நைனாவோடு கடலை விலை பேச ஆரம்பித்தார். கடைசி நாள் பரீட்சை முடியும்வரை இரண்டு பேரும் அதே வேப்ப மரத்தடியில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ரிசல்ட் வந்த காலையில் பேப்பரை வாங்கிக்கொண்டு நானும் அவரும் தொண்டூருக்குப் போனோம். ஊர் எல்லையிலேயே அவர் ஹாரனை அழுத்த ஆரம்பித்தவர், அவள் வீட்டு வாசல் வரைக்கும் கையை எடுக்கவில்லை. விமலா ஓடிவந்து, நம்பரைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சிரித்தாள். அப்புறம் டிரெய்னிங் முடித்து, இன்றைக்கு வல்லத்தில் நாலாம் வகுப்பு எடுக்கிறாள். கணக்கு வகுப்பில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று எங்கள் இன்ஸ்பெக்டர் சொல்கிறார். கேட்கும்போது எனக்குத் தலை நிமிர்கிறது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உன் குடித்தனத்தில் ஏதாவது சரியில்லை என்று பட்டால், யாரால் என்று தேடாதே, எப்போது என்று பார். சரோஜா ஏதாவது தப்பான யோசனை சொன்னால், என்னைப் போல் அவளும் நல்லதற்கென்று நினைத்தே சொல்லியிருப்பாள். அதை உன் தலைமேல் தூக்கிப் போட்டுக்கொள் என்று நான் சொல்லமாட்டேன். உன் நைனா அப்படிச் செய்தது பெரிய மனசுதான். ஆனால் அதை ஏழு வருஷம் பார்த்துக்கொண்டிருப்பது கூட இருக்கிறவளுக்கு லேசாக இல்லை. தப்பு செய்தவர் பயப்படாமல் வாயைத் திறக்கிற வீடாக அதை வைத்துக்கொள். நான் தொண்டூரில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் பிடித்தது, ஏனென்றால் உன்னிடத்தில்தான் நான் நல்லவளாக இருக்க ரொம்ப ஆசைப்பட்டேன்.

கல்யாணத்துக்கு ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பந்தி முடிந்ததும் அவர்களுக்கும் சொல்லிவிடப் போகிறேன். விமலா பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீ அவரிடம் மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே, அவருக்கு அது பிடிக்காது, எழுந்து வெளியே போய்விடுவார். அடுத்த கடிதத்தை அவர் பேருக்கு எழுது. இரண்டு பக்கம் எழுது. உன் வேலை, நீ பார்த்திருக்கிற வீடு, மெட்ராஸ் ரோட்டில் ஓடுகிற புது வண்டிகள், எதை வேண்டுமானாலும் எழுது.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார். இந்தக் கடிதத்தைத் தபால் ஆபீசில் போட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். கவரை ஒட்டாமல்தான் கொடுக்கப் போகிறேன்.

உன் அம்மா